பதினோரு விநாடி

என் கோபக்காரிக்கு,

நல்லா இருக்கேன்னு ஆரம்பிச்சு மூணு தாளைக் கிழிச்சுட்டேன். நம்ம வீட்டு வாஷிங் மெஷினையும் ஒழுகுற குழாயையும் தாளமா வச்சு நான் ராப் பாடினப்போ விழுந்து விழுந்து சிரிச்சவங்க, இப்போ புதுப் பாட்டுக்கு எழுந்து ஆடுறாங்க. அதுல இடி மாதிரி விழுற அடி என்னன்னு பேட்டி எடுக்க வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. ஏதோ ஒரு கதவுன்னு மழுப்பிடுறேன்.

எந்தக் கதவுன்னு உனக்குத் தெரியும்.

அன்னைக்கு மைக் ஓடிட்டு இருந்துச்சு. நீ பையைத் தூக்கிட்டுப் போய்க் கதவை அறைஞ்சு சாத்தினே. நான் பின்னாடி ஓடி வரலை. சத்தம் சரியா பதிவாச்சான்னு பார்த்தேன்.

இப்போ மேடைக்கு மேடை அதே கதவை அறைஞ்சு சாத்திட்டு இருக்கேன். கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. நேத்து அந்தப் பழைய பதிவை முதல்முறையா கடைசி வரைக்கும் கேட்டேன். கதவு சாத்தினதுக்கும் நீ படி இறங்குற சத்தத்துக்கும் நடுவுல பதினோரு விநாடி ஒண்ணுமே இல்லை. அவ்வளவு நேரம் நீ வெளியே நின்னிருக்கே.

பாட்டுக்கு ஆகாதுன்னு அன்னைக்கு நான் கேக்காமலே வெட்டிப் போட்டது அதைத்தான்.

நீ வச்ச பேரையே போடுறேன்,
சத்தக்காரன்