சேட்டுப் பையோடு போன அட்டை

நாரந்தனை,
14.11.2024

அன்பு மகன் டிலோனுக்கு,

நானும் தங்கச்சி நிலக்சனாவும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். அந்த நாட்டுக் குளிருக்குத் தொப்பி போடுகிறாயா? போனில் அப்பாவின் பேச்சை எடுத்தாலே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் பேனா எடுத்தேன்.

அப்பாவின் நெஞ்சில் இதயத் துடிப்புக்கான பேஸ்மேக்கர் கருவி வைத்தபோது நடந்தது உனக்குத் தெரியும். கடற்றொழிலாளர் சங்கத்தின் வைத்திய நிதி, கட்டில் காசும் சத்திரசிகிச்சைக் காசும் தந்தது. கருவிக்கு மட்டும் ஒரு சதமும் இல்லை என்றது. கருவி மருந்தில்லையாம். அதை நீதான் இரண்டு வேலை செய்து அனுப்பினாய். அப்பா தையல் காயமுன்னே கூட்டத்துக்குப் போய், "எஞ்சின் இல்லாத வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கவோ காசு தாறியள்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மனுசன் விடவில்லை, ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பிக் கேட்டார்.

அவர் கண்மூடிப் போன பிறகுதான் அது பலித்தது. கருவிக்கும் முக்கால்வாசி தரலாம், முதலில் உன் அப்பா யாக்கோப்புவின் விண்ணப்பத்தைப் பார்ப்போம் என்று போன மாதம் சங்கம் சொன்னது. கருவியின் இலக்கம் உள்ள அட்டையைக் கொண்டுவரச் சொன்னாள் அங்கே வேலை செய்யும் கிறிஸ்ரினா.

மகன், அந்த அட்டை என்னிடம் இல்லை. அன்று நேர்ஸ் பிள்ளை என் கையைப் பிடித்து, "அம்மா, இது எந்த நேரமும் ஐயாவின்ரை பொக்கற்றிலை இருக்கோணும், ஒருநாளும் எடுக்கப்படாது" என்று சொன்னவள். பூசைக்குப் போனாலும் கடற்கரைக்குப் போனாலும், அவர் சேட்டு மாற்றினால் நான் அட்டையை மாற்றி வைப்பேன். சவப்பெட்டியில் வளர்த்துமுன், பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சேட்டைப் போட்டபோதும் என் கை தானாக வைத்துவிட்டது. செபமாலை கையில், அட்டை நெஞ்சில். மூடிய பிறகும் எனக்கு அது பிழையாகத் தோன்றவில்லை.

ஆசுபத்திரியில் தேடினார்கள். கருவி வைத்த மாதத்துப் பதிவுகள் மழைத் தண்ணீரில் ஊறிப்போயினவாம். பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரி அண்ணை நல்ல மனதோடுதான், "பங்குச் சுவாமியிட்டைக் கேட்டுக் குழியைத் திறப்பமோ?" என்றார். "அந்த மனுசனை நான் ஒருக்காத்தான் புதைப்பன்" என்று சொல்லிவிட்டு வந்து குசினி அடுப்படியில் இருந்து அழுதேன். கருவி பத்து வருடம் ஓடும் என்றார்கள். சளிக்காய்ச்சலில் அவர் போய் எட்டு மாதம்தான். சேமக்காலைக் குழிக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று நான் யாரிடம் கேட்பேன்?

எனக்கு வரும் காசை விடு. சங்கத்தில் இருக்கும் மனுவேல் அண்ணைக்கும் இதே கருவி வைக்க வேண்டுமாம். அவருக்கு அனுப்ப வெளிநாட்டில் பிள்ளை இல்லை. எங்கள் விண்ணப்பம் தள்ளுப்பட்டால், முன்பே முகம் சுளித்தவர்கள் இந்த விதியையே எடுத்துவிடுவார்கள். கூட்டம் நத்தார்ப் பெருநாளுக்கு முந்தின ஞாயிறு.

போவதற்கு முதல் நாள் அப்பா, "மகன் வாங்கித் தந்தது, அவனுக்குக் காட்டோணும்" என்று அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து உனக்கு ஒரு படம் அனுப்பினார். பின்னாலே குரலிலும் பேசி அனுப்பினார். அவருடைய போன் அந்தக் கிழமையே பழுதாகிப்போனது, பிறகு எழும்பவேயில்லை. இலக்கம் தெரிகிற அந்தப் படம் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நீ இன்னும் திறக்கவில்லையாம், நிலக்சனாவிடம் சொன்னாயாம்.

ஏன் என்று கேட்கமாட்டேன். அடக்கத்துக்கு உனக்கு வர ஏலாமல் போனது உன் குற்றமில்லை. அப்பா குரலில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். அதை நான் எழுதமாட்டேன், அவர் வாயால் நீ கேட்க வேண்டும். படத்தைத் தங்கச்சிக்கு அனுப்பு. குரல் உனக்கு.

மாதா உன்னைக் காப்பாள். தனியே இருந்து திறக்காதே மகன், யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் அம்மா,
ஞானசவுந்தரி