ஜூலையில் பெயர்த்த செடி

கென்டக்கி,
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்பு மருமகள் மாரியனுக்கு,

வெல்டா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமனாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். டெல்பெர்ட்டின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே புலம்ப ஆரம்பித்துவிடுகிறது. க்ளீவ்லாந்தில் நீயும் கெண்டலும் சுகமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நான் எப்போது கூப்பிட்டாலும் கெண்டல்தான் எடுக்கிறான். நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான். ஒரு பெண் இத்தனை தடவை குளித்தால் தோல் என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

பீன்ஸை எல்லாம் வேகவைத்துப் பாட்டிலில் அடைத்தாயிற்று. பீட்ரூட் ஊறுகாய் உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சர்ச் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. பாஸ்டர் நனைந்துகொண்டே பிரசங்கம் செய்கிறார், ஆனாலும் சீக்கிரம் முடிப்பேனா என்கிறார்.

சரி, எவ்வளவு நேரம்தான் சுற்றி வளைப்பது. உன் அம்மாவின் செடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் அம்மா இருந்த வீட்டை இடித்து கார் நிறுத்தும் இடமாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நீ அதை வேரோடு எடுத்து, வாளியில் வைத்து, வழியெல்லாம் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்ததாகக் கெண்டல் சொன்னான். என் கையில் கொடுத்தாய். நான் வாங்கி, “அங்க நிழல்ல வைக்கிறேன், தண்ணி ஊத்தணும்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். நீ வாசலிலேயே நின்றாய். ஏன் நிற்கிறாய் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாரியன், எங்கள் மலைப்பக்கத்தில் செடி கொடுத்தவருக்கு நன்றி சொல்ல மாட்டோம். சொன்னால் செடி வேர் பிடிக்காது. பக்கத்து வீட்டு எர்லீனும் நானும் பாதித் தோட்டத்தை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறோம், ஒரு நாளும் அந்த வார்த்தை எங்கள் வாயில் வந்ததில்லை. நான் மறந்துபோய்ச் சொல்லிவிடுவேனோ என்று எர்லீன் செடியை வேலிக்கு மேலே நீட்டிவிட்டு ஓடியே போய்விடுவாள். இது ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். நகரத்தில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அடுத்தது நான் அதை நட்ட இடம். உன் அம்மாவின் வீட்டில் அது வாசற்படி ஓரம் இருந்ததாம். இங்கே அந்த மஞ்சள் பூவை எல்லா வீட்டிலும் வெளிக் கக்கூஸ் சுவரை ஒட்டித்தான் நடுவோம். ஆளை மிஞ்சி வளருகிற செடி. மழை பெய்தால் குடிகாரன் மாதிரி சாயும். சாய்ந்துகொள்ளச் சுவர் வேண்டும், காலடியில் ஈரம் வேண்டும். வீட்டுக்கு வருகிற பெண்களும் கூச்சப்பட்டுக்கொண்டு வழி கேட்க வேண்டாம், மஞ்சள் தெரிகிற பக்கம் நடந்தால் போதும். எங்கள் கக்கூசுக்குள் இப்போது டெல்பெர்ட்டின் மண்வெட்டிகள்தான் குடியிருக்கின்றன. என் தோட்டத்தில் இருப்பதிலேயே நல்ல இடத்தைத்தான் உன் அம்மாவின் செடிக்குக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் நீ வந்து பார்த்தாய். தலைவலி என்று காரில் போய் உட்கார்ந்துகொண்டாய். பிறகு ஜூலையில் கெண்டல் போனில், “என்னம்மா நீ, அவங்க அம்மா செத்து வருஷம்கூடத் திரும்பலை. அவங்க பூவைப் போய் கக்கூஸ் சுவத்துலயா நடுவ? வாங்கினப்ப ஒரு நன்றிகூடச் சொல்லலையாமே” என்றான். எனக்குச் சுருக்கென்றது. விளக்கிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “மகாராணிக்குக் கக்கூஸ் பக்கம் ஆகாதோ? சரி, வாசல்லயே வெச்சுத் தொலைக்கிறேன்” என்று போனை வைத்தேன்.

மறுநாளே மண்வெட்டியை எடுத்தேன். ஜூலை வெயில், செடி முழுக்க மொட்டு. டெல்பெர்ட் கையைப் பிடித்து, “ஏய் வெல்டா, கிறுக்கு பிடிச்சிருச்சா? பூக்கிற நேரத்துல வேரைத் தொடுவாங்களா? ஏப்ரல் வரைக்கும் பொறுடி” என்றார். அவர் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? ஆகஸ்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடும்போது நீ வருவாய், வாசலில் பூவைப் பார்த்து வெட்கத்தில் உன் முகம் சுருங்க வேண்டும் என்றுதான் என் புத்தி போனது. கக்கூஸ் பக்கம் இனி ஒரு தளிர்கூடத் தலைகாட்டக் கூடாது என்று அடிவேர், பக்கவேர் எல்லாவற்றையும் தோண்டி எடுத்தேன். கொஞ்சம் அங்கேயே விட்டு வைத்திருக்கலாம். விடவில்லை.

வாசல் பக்கம் முழு வெயில், களிமண். சாயங்காலத்துக்குள் தலை தொங்கிவிட்டது. ஈரச் சாக்கைப் போர்த்தினேன், குடையை விரித்து வைத்தேன். தெருவில் போனவர்கள் எல்லாம் செடிக்குக் குடை பிடிக்கிறாளே என்று சிரித்தார்கள். மொட்டெல்லாம் கருகி உதிர்ந்தது. தண்டில் செம்பேன் பூச்சி மொய்த்தது. கடைசியில் தரையோடு வெட்டிவிட்டேன்.

ஆகஸ்டில் நீ வரவில்லை. கெண்டல் மட்டும் கடையில் வாங்கிய கேக்கோடு வந்தான். “செடி எங்கம்மா?” என்று கேட்டதற்கு, “இந்த வருஷம் வேர் பிடிக்கட்டும்னு வெட்டி விட்டிருக்கேன்” என்றேன். பொய். அதைத்தான் அவன் உன்னிடம் சொல்லியிருப்பான்.

உண்மை என்னவென்றால், உயிர் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. போன வாரம் மண்ணைக் கிளறி ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாகவும் இல்லை, அழுகவும் இல்லை. டெல்பெர்ட் பார்த்துவிட்டு, “இப்படித் தினம் தோண்டிப் பார்த்தா நல்லா இருக்கிறதும் செத்துப்போகும்” என்று திட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

உங்கள் கல்யாணத்தில்தான் உன் அம்மாவை முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். ஹெலினா தன் சொந்த நாட்டுப் பாஷையில் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. என் தட்டு காலியாகும்போதெல்லாம் கோஸ் இலையில் சுருட்டிய கறியை வைத்துக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கவே முடியாத அளவுக்குத் தின்றேன், அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கையால் நட்டு வளர்த்ததில் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். அதைத்தான் என் வீம்புக்குப் பிடுங்கிப் போட்டேன். 

நீ எதிர்பார்த்த அந்த வார்த்தையை இப்போதாவது எழுதலாம் என்று பார்த்தால் கை வரமாட்டேன் என்கிறது. வேர் இன்னும் மண்ணுக்குள்தானே இருக்கிறது. நான் ஏதாவது எழுதி அதற்கும் கேடு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தாலும் பரவாயில்லை.

ஏப்ரல் வந்தால் தெரிந்துவிடும். நீ அப்போது இங்கே வரவேண்டும் அம்மா. முளைத்திருந்தால் நீயே தோண்டி எடுத்துக்கொள், எங்கே வேண்டுமானாலும் நடு, நான் வாய் திறக்கமாட்டேன். முளைக்காவிட்டால் அந்த வெறும் மண்ணைத் தனியாகப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. நீ பக்கத்தில் நின்று திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். குளிக்கப் போயிருக்கிறாள் என்று மட்டும் இனி சொல்லச் சொல்லாதே.

கர்த்தர் உனக்குத் துணையிருக்கட்டும். தாயில்லாத பிள்ளை என்று உன்னை நீ நினைத்துக்கொள்ளாதே.

உன் மாமியார்,
வெல்டா