சூட்கேசுக்குள் அடங்காத பெட்டி

அம்மா,

கொம்பியூட்டரில் நாங்கள் விளையாடிய உங்கள் பங்கர் விளையாட்டு திரும்ப வந்திருக்கிறதாம். தம்பி கனடாவிலிருந்து இன்று காலை போனுக்குப் படம் அனுப்பியிருக்கிறான். அதே படிக்கட்டு, அதே தீவட்டி, அதே எலும்புக்கூடுகள். கழுவித் துடைத்துப் புதுப் பூச்சுப் பூசி விற்கிறார்கள். படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்தது: "அக்கா, வாங்கித் தரட்டோ? கொம்பியூட்டருக்கோ, ரீவியில போடுறதோ, கையில வைச்சு விளையாடுறதோ? மேலதிகமா என்னென்ன சேர்க்கிறது எண்டும் சொல்லுங்கோ."

வெள்ளவத்தைச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அப்படியே நின்றுவிட்டேன். "என்னக்கா, எடுக்கிறீங்களோ இல்லையோ?" என்று கடைக்காரர் கேட்ட பிறகுதான் கையில் வெங்காயம் இருப்பது ஞாபகம் வந்தது. தம்பி கேட்ட இதே கேள்வியை ஒருநாள் வேறொரு கடைக்காரர் உங்களிடம் கேட்டார். நீங்கள் சொன்ன மறுமொழியோடு உங்களுடைய சீவியமும் என்னுடைய சீவியமும் முடிவாகிப்போனது. அதைத் தம்பி மறந்துவிட்டான் போல, அல்லது மறக்காமல்தான் கேட்கிறான்.

அப்பா காலமான பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் ஒரு அறையும் குசினியும் எடுத்து இருந்தோமே, அங்கேதான் இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. சந்திக்குச் சந்தி பொலிசும் ஆமியும் தமிழ்ப் பெடியன்களை மறித்துப் பிடித்த சண்டைக் காலம். ஒருமுறை தம்பியைப் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்து விட்டார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அவனைக் கடைக்குக்கூட இறங்க விடவில்லை. அவனுடைய சிநேகிதன் பாவம் பார்த்து ஒரு பழைய கொம்பியூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு வீரன் படி இறங்கி நிலத்துக்குக் கீழே போகவேண்டும். தளம் தளமாக இறங்க இறங்க இருட்டுக் கூடும். செத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

"ஊரில குண்டுக்குப் பயந்து பங்கருக்கை ஒளிச்சிருந்தது காணாதெண்டு இங்க வந்தும் பங்கருக்கை இறங்கிறியோ? விசரோ உனக்கு?" என்று ஏசினீர்கள். ஏசியபடியே அவனுடைய முதுகுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, மடியில் சுளகை வைத்து உள்ளி உரிக்கத் தொடங்கினீர்கள். கொஞ்ச நாளில் அவனைவிட உங்களுக்குத்தான் வழி தெரிந்தது. "பின்னால ஒருத்தன் வாறான், திரும்பு, திரும்பு!" என்று நீங்கள் கத்துவது கீழ் வீட்டுக்காரருக்கும் கேட்கும். பிறகு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்துத் தம்பி கனடாவுக்கு வெளிக்கிட்டுப் போனான். சிநேகிதன் வந்து கொம்பியூட்டரையும் கொண்டுபோனான். தம்பி போன கவலையைப் பற்றி நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. "அந்த வீரன் பாவம், கீழேயே நிக்கிறான். ஆர் அவனை மேல ஏத்துறது?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நான் சிரித்தேன். எனக்கு அப்போது சிரிக்கத்தான் தெரிந்தது.

தம்பி அங்கே காலூன்றியதும் உங்களைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பண்ணினான். எனக்கு வயது கூடிவிட்டது, என்னைச் சேர்க்க ஏலாது என்றுவிட்டார்கள். விசாவுக்கான உங்கள் மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. "அம்மா எப்ப வெளிக்கிடுறா?" என்று சனம் கேட்கத் தொடங்கியது. வெள்ளவத்தையில் அப்போது எல்லாரும் எல்லாரிடமும் கேட்ட கேள்வி அது. எங்கள் வீட்டில் சூட்கேசுக்குள் அடங்காதது என்றால் விட்டுவிட்டுப் போகக்கூடிய சாமான்தான். மடக்குக் கட்டில், பிளாஸ்டிக் கதிரை, ஒன்றுக்குள் ஒன்று போகும் சட்டிகள். அலுமாரி வாங்குவோம் என்று நான் எப்போதாவது சொன்னால், "போகேக்கை ஆர் அதைத் தூக்கிறது?" என்பீர்கள். அந்த ஒழுங்கையில் எல்லா வீடும் அப்படித்தான். விசா வந்தால் அடுத்த நாளே வெளிக்கிடலாம் என்ற நினைப்பில் வருஷக்கணக்காக இருந்தார்கள்.

தம்பி போன் எடுக்கும் நாட்களில் காலி வீதிக் கொமினிகேஷனில், அந்தப் போன் கடையில், வரிசையில் இருப்போமே, அப்படி ஒரு நாள்தான் அவன் சொன்னான். அந்த விளையாட்டு கையில் வைத்து விளையாடுகிற சின்னப் பெட்டியிலும் வந்திருக்கிறதாம், கொழும்பிலும் கிடைக்கிறதாம், தான் காசும் அனுப்பியிருக்கிறானாம். "அம்மா, பிளேனுக்குள்ளயும் விளையாடிக்கொண்டு வரலாம்." அதற்குப் பிறகு நீங்கள் என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டுப் போன் கூட்டின் கண்ணாடிக் கதவைச் சாத்தினீர்கள். உள்ளே நின்று கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து, "வா, கடைக்குப் போவம்" என்றீர்கள்.

பம்பலப்பிட்டிக் கடையில் கண்ணாடி போட்ட சிங்கள மனுசன் ஒருவர். பொறுமைசாலி. மூன்று விதத்தையும் மேசையில் வைத்து, எது வேண்டும், மேலதிகமாக என்ன சேர்ப்பது என்று கேட்டு விளங்கப்படுத்தினார். சின்னப் பெட்டிக்குப் பற்றரி போதும், கரண்ட் போனால் பயமில்லை, ஆனால் படம் சின்னது, மேலதிகமாக எதையும் சேர்க்கமுடியாது. ரீவியில் போடுவதற்கு ரீவி வேண்டும், அதிலும் சேர்க்கமுடியாது. கொம்பியூட்டர் என்றால் படம் பெரிது, சேர்க்கைச் சீடிகளும் உண்டு, ஆனால் கரண்ட் போனால் பதிந்து வைக்காததெல்லாம் போய்விடும். நீங்கள் பற்றரியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தீர்கள். பற்றரிக்குத் தடை போட்டிருந்ததால் அதைக் கண்ணால் காணாமல் ஊரில் எத்தனை வருஷம் இருந்தோம். செக்பொயிண்டில் பையைத் திறந்து இதற்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டுமே என்று நான் யோசித்தேன். ஆனாலும் சின்னப் பெட்டிதான் என்று எனக்கு நிச்சயம். கொண்டுபோகக்கூடியது அதுதானே.

நீங்கள் சேர்க்கைச் சீடிகளைக் கேட்டீர்கள். ஒன்றில் கீழே இன்னும் பல தளங்கள் வரும் என்றார். "வேண்டாம், இருக்கிற பங்கரே காணும்." இன்னொன்று போகிற வழியைத் தானே கீறிக் காட்டும். "வழியைக் காட்டினால் பிறகென்ன விளையாட்டு?" மூன்றாவதை எடுத்தபோது அவர் இரண்டு விரலைக் காட்டினார். நீங்கள் உங்கள் அரைகுறைச் சிங்களத்தில், "தென்னெக்ட புளுவன்த?" என்று கேட்டீர்கள். இரண்டு பேருக்கு ஏலுமோ என்று. ஏலும், ஒருவருக்கு மவுஸ், மற்றவருக்குக் கீபோர்ட். ஆனால் கஷ்டம் என்றார் அவர். இரண்டு பேரும் படியடிக்கு வந்து சேர்ந்தால்தான் படி திறக்கும். ஒருவர் பிந்தினால் மற்றவர் காத்து நிற்கவேண்டும், தனியே ஏறவும் ஏலாது, இறங்கவும் ஏலாது. அதனால் பலர் இதை வாங்குவதில்லை.

"அது சரிதானே," என்றீர்கள். "இதைத் தாங்கோ. பெரிய பெட்டியும்."

கடை ஆட்கள் மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கி இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு கேட்டேன். "அம்மா, போகேக்கை இதை என்ன செய்யிறது?"

"ஆர் போறது?"

"நீங்கள்தான்."

"நான் போகேல்லை. தம்பியிட்டச் சொல்லிப்போட்டன்."

எனக்கு வந்த கொதியில் என்னென்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. நான் சின்னப் பிள்ளையோ என்று கேட்டது ஞாபகம். நீங்கள் மொனிட்டருக்குப் போட ஒரு துணி தேடிக்கொண்டே சொன்னீர்கள்: "தனிய ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு இந்தக் கொழும்பில ஆர் அறை தருவான்? கதவைத் தட்டிக்கொண்டு பொலிஸ் வந்தால் நீ தனிய என்ன சொல்லுவாய்?" அது இன்னும் கொதியைக் கூட்டியது.

அதற்குப் பிறகு எங்களுடைய பின்னேரங்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான். நான் கந்தோரில் வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் தேத்தண்ணியோடு நீங்கள் மவுஸ் பக்கம், நான் கீபோர்ட் பக்கம். வெளியே போக இடமுமில்லை, போனால் திரும்பி வருவது நிச்சயமுமில்லை. நான் அவசரக்காரி, ஓடிப்போய்ப் படியடியில் நிற்பேன். நீங்கள் ஒவ்வொரு மூலையையும் தடவி, கிடக்கிற ஓட்டைக் காசு, மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருவீர்கள். "கெதியா வாங்கோவன், அம்மா!" "படியடியில நில், வாறன்." எத்தனை தரம் கேட்டிருப்பேன் இதை. அரியண்டமாக, எரிச்சலாக இருக்கும்.

சுற்றிவளைப்பு வந்த அந்தக் காலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் கந்தோருக்கு வெளிக்கிட்டு நின்றேன். துவக்கோடு பொலிஸ்காரர் மூன்று பேர். அவர்கள் கையிலிருந்த பொலிஸ் பதிவில் இரண்டு பொம்பிளைகள், அறையில் ஒரு கொம்பியூட்டர். அவர்களில் பெரியவர் சீடிகளைப் புரட்டிப் பார்த்தார். எலும்புக்கூடும் வாளும் போட்ட படங்கள். "மேக்க காகெத?" யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்று நீங்கள் நெஞ்சில் கை வைத்தீர்கள். அவர் உங்களை மேலிருந்து கீழே பார்த்தார். திருநீறு, நூல் சீலை, மூக்குக்கண்ணாடி. இந்த வீட்டில் பெடியன் ஒருவன் ஒளிந்திருக்கிறான், அவனுடையதுதான் இது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஒருவன் மடக்குக் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தான், மற்றவன் குசினிக்குள் போனான். அம்மா, அன்று நான் தனியே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பெண்ணன்ன," என்றார் பெரியவர். விளையாடிக் காட்டு.

நீங்கள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு இருந்தீர்கள். "பிள்ளை, நீ உன்ர பக்கம் வா." எனக்கு ஒரு பொத்தான்கூடச் சரியாக அமரவில்லை. நீங்களோ ஒன்றுமே நடக்காதது போல் இருட்டுக்குள் இறங்கினீர்கள். மூலையில் கிடந்த காசைக்கூட விடவில்லை! ஒரு பக்கத்தால் இரண்டு எலும்புக்கூடுகள் வர வெட்டி விழுத்தினீர்கள். அப்போது குசினிக்குள்ளிருந்து வந்த இளம் பொலிஸ்காரன் தன்னை மறந்து, "பஸ்ஸென், பஸ்ஸென், அம்மே!" என்றான். பின்னால், பின்னால் என்று. தம்பிக்கு நீங்கள் கத்துவீர்களே, அதே போல. நீங்கள் திரும்பிப் பின்னால் வந்த மூன்றாவதையும் வெட்டினீர்கள்.

பெரியவர் திரையில் நிற்கும் இரண்டு உருவத்தையும் காட்டி யார் என்று கேட்டார். "மமய், துவய்," என்றீர்கள். நானும் மகளும். பிறகு வாங்கி வைத்திருந்த எங்கள் அடையாள அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். கீழ் வீட்டுப் பெடியனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகுதான் உங்கள் கை மவுஸை விட்டு வராமல் விறைத்திருப்பதைக் கண்டேன். விரல் விரலாகக் கழற்றினேன். "இந்தச் சனியனாலதானே சந்தேகப்பட்டவங்கள்!" என்று கத்தினேன். "ஓம்," என்றீர்கள், "ஆனால் உன்னைத் தனியக் காணேல்லையே."

அந்த வார்த்தை என்னைக் கட்டிப்போட்டது, அம்மா. பிறகு லண்டனிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. வேண்டாம் என்றேன். நீங்கள் அழுதீர்கள், ஏசினீர்கள், சாப்பிடாமல் கிடந்தீர்கள். எனக்காக நின்ற மனுசியை விட்டுவிட்டு நான் எப்படி ஏறுவது? "நீங்கள் முதல் போங்கோ, பிறகு நான் போறன்" என்று நானும், "நீ முதல் போ, பிறகு நான் போறன்" என்று நீங்களும். இரண்டு பேரும் படியடியில் நின்று வருஷங்களைப் போக்கினோம். யார் யாரை அடைத்து வைத்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களில் எனக்கு இருந்த கோபமும் போகவில்லை. உங்களைப்போல ஒருவர் எனக்காக நின்றார் என்ற பெருமையும் போகவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் கிடந்து நோகிறது.

யுத்தம் முடிவதற்கு முன்னம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். நெஞ்சு நோகுது என்றதும் அயலவர்கள் உங்களைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். த்ரீவீல் ஓட்டோ பிடிக்க நான் முன்னே ஓடினேன். படித் திருப்பத்தில் திரும்பிப் பார்க்க, அந்த நோவுக்குள்ளும் கையைக் காட்டி, "படியடியில நில், வாறன்," என்றீர்கள். ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் கதைக்கவில்லை.

பெட்டியை ஒருமுறை போட்டு, நாங்கள் கடைசியாகப் பதிந்துவைத்த இடத்தைப் பார்த்தேன். உங்கள் உருவம் நடு வழியில் எதையோ பொறுக்கக் குனிந்தபடி, என்னுடையது படியடியில். மவுஸைப் பிடித்து உங்களையும் நானே நடத்திக்கொண்டு வந்திருக்கலாம். மனம் வரவில்லை, நிறுத்திவிட்டேன். இப்போது அது வேலை செய்வதுமில்லை, நான் அதை எறிவதுமில்லை. இப்போது என்னை மறிப்பார் யாருமில்லை. தம்பி ஒவ்வொரு முறையும் வரச்சொல்லிக் கேட்கிறான். பக்கத்துக் கல்கிசைக்குப் போவதற்கு ரயில் மேடைப் படி ஏறும்போதுகூட நான் ஒரு கணம் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

சந்தையால் வந்து தம்பிக்கு மறுமொழி எழுதினேன். "கொம்பியூட்டருக்குத்தான். பெரிசு. ரெண்டு பேர் போறதையும் சேர்த்து வாங்கு."

உடனே கேட்டிருக்கிறான். "மற்ற ஆள் ஆர் அக்கா?"

வெங்காயம் இன்னும் பைக்குள்ளேயே கிடக்கிறது. அவனுக்கு என்ன எழுதுவது, அம்மா? நீங்கள் வாறன் என்றுதானே சொன்னீர்கள். நான் படியடியில்தான் நிற்கிறேன்.