கார்பன் தகட்டின் ஓசை

பிப்ரவரி 4

சின்னவனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விசாரிக்க நீ வேறு வழி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். ஐம்பதைத் தாண்டிய தம்பி அக்காவுக்குக் கட்டைவிரலைக் காட்டுகிறான். போன மாதம் போனை எடுத்தாய், ஆனால் முழங்கால் வலி என்று நான் சொன்னதற்கு, "சரிக்கா, நல்லது" என்றாய். வலி எனக்கு நல்லதா?

மாடி வீட்டுக்காரி கேட்டாள், "தம்பி பேசுறாரா டீச்சர்?" "பேசாம என்ன, வாரா வாரம் பேசுறான்" என்றேன். வேதியியல் டீச்சர் பொய் சொன்னால் லிட்மஸ் தாள் மாதிரி முகம் நிறம் மாறிவிடுகிறது. கண்டுபிடித்திருப்பாள்.

மனக்கோணல் ஏதாவது இருந்தால் எழுது. இல்லையென்றால் உன் கார்பன் தகடுகளைப் பற்றியாவது எழுது. பென்சில் முனையும் வைரமும் ஒரே கார்பன்தான், அணுக்கள் கைகோக்கிற விதம்தான் வேறு என்று யாரிடமாவது சொல்ல இன்னமும் ஆசையாக இருக்கிறது. குக்கரிடமா சொல்வது?

அக்கா

பிப்ரவரி 22

அக்காவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. வேலை அதிகம்.

எங்கள் பட்டறைக்குப் பழுதுபார்க்க வருவதெல்லாம் சின்ன விமானங்கள். வால், கதவு, இறக்கையின் ஓரம் எல்லாமே கார்பன் இழையில் நெய்த துணி. பிசின் ஊட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டில் இறுக்கியது. இரும்பைவிட லேசு, இழுத்தால் இரும்பைவிட வலு. ஒரே ஒரு குணக்கேடு உண்டு. உலோகம் அடிபட்டால் நசுங்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். கார்பன் காட்டிக்கொள்ளாது. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே அடுக்குகள் ஒட்டு விட்டிருக்கும்.

அதனால் நாணயத்தால் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இடம் 'டிக்' என்று தெளிவாகக் கேட்கும். அடுக்கு விட்ட இடம் 'தொப்' என்று மந்தமாக. பிறகு சோதிக்கக் கருவிகள் உண்டு, ஆனால் முதலில் காதுதான்.

போன் வேண்டாம் அக்கா. பட்டறையில் இரைச்சல். கடிதமே போடு.

தம்பி

மார்ச் 10

சின்னவனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்போது ஏது இரைச்சல்?

நான் பள்ளியில் இருந்த காலத்தில் ஒரு மாணவி. எது சொன்னாலும் தலையாட்டுவாள். கேள்வி கேட்டால் சம்பந்தமில்லாத பதில். பேச்சைக் கேட்காதவள் என்று டீச்சர்கள் எல்லோருமே திட்டினோம். முன் பெஞ்சில் உட்காரவைத்த பிறகுதான் தெரிந்தது, அவளுக்குக் காது கேட்கவில்லை. நேற்று உன் "நல்லது" திரும்பவும் ஞாபகம் வந்தது.

நேராகவே கேட்கிறேன். உனக்குக் காது கேட்கிறதா?

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

இல்லை.

வலது காது போய்விட்டது. இடது பாதி. இத்தனை வருஷப் பட்டறை இரைச்சல்தான் காரணமாம். காதில் கருவி வைத்தால் பேச்சுக்கு உதவும், 'டிக்'கையும் 'தொப்'பையும் பிரித்துச் சொல்லாது என்றார் டாக்டர். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நாணயம் விரலில் துள்ளுவதை வைத்தே சமாளித்து வந்தேன்.

போன வாரம் ஒரு வால் தகட்டுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டேன். மறுபடியும் தட்டிப் பார்க்க இன்னொருவர் உண்டு, ஒரு பெண். அவள் பாதியில் நிறுத்தி, "அண்ணே, இங்க மந்தமா இருக்கே. உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"இங்க வெளிச்சம் பத்தல" என்றேன்.

"காதுக்கு எதுக்குண்ணே வெளிச்சம்?" என்று சிரித்தாள். தகட்டைக் கழற்றிவிட்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரே இடத்தை நாலு தடவை தட்டிப் பார்க்கிறேன்.

சொன்னால் இந்த வேலை போய்விடும். இது போனால் இந்த ஊரில் எனக்கென்று ஒன்றும் இல்லை. என்ன செய்யட்டும்?

தம்பி

ஏப்ரல் 13

சின்னவனுக்கு,

சொல்லிவிடு. இதற்கு நான் உதாரணம் எதுவும் எழுதப்போவதில்லை. அந்த விமானத்தில் யாரோ ஒருத்தியின் தம்பி ஏறி உட்காருவான்.

பிறகு என்ன ஆனாலும் எனக்கு எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அக்கா

மே 4

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். மேலாளர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: "இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" சமீபத்தில் நான் பார்த்த தகடுகளையெல்லாம் திரும்பத் தட்டினார்கள். பக்கத்திலேயே நின்றேன். இன்னொன்றும் மந்தம். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டாள்.

வீட்டுக்கு அனுப்பவில்லை. குளிரறைக்கு மாற்றியிருக்கிறார்கள். பிசின் ஊட்டிய கார்பன் துணி கெடாமல் இருக்க அங்கேதான் உறையவைப்போம். சுருள்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். பேச ஆள் இல்லாத இடம். அதனால் காதும் தேவையில்லை.

ஒன்று கேட்கலாமா? வீட்டில் இப்போது என்னென்ன சத்தம் கேட்கிறது என்று எழுதேன். படித்து நினைத்துக்கொள்வேன்.

தம்பி

மே 21

சின்னவனுக்கு,

நீ கேட்டதை எழுதக் காலையிலேயே உட்கார்ந்தேன். மின்விசிறி கரகரக்கிறது. குழாய் சொட்டுகிறது. மாடியில் நாற்காலி இழுக்கிற சத்தம். இன்னும் ஏதாவது வரும் என்று இருட்டும்வரை காத்திருந்தேன். இந்த வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை என்பது விளக்குப் போட எழுந்தபோதுதான் உறைத்தது.

உனக்குத்தான் காது கேட்கவில்லை என்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்கிற காதை வைத்துக்கொண்டு நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

நான் அங்கே வரட்டுமா? பார்த்துவிட்டுத் திரும்பிப் போக அல்ல. தொந்தரவு என்றால் தயங்காமல் எழுது, வருத்தப்படமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

அக்கா

ஜூன் 7

அக்காவுக்கு,

வா. பின்பக்க அறையைக் காலி செய்துவிட்டேன்.

விமான நிலையத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. நேரே என் எதிரில் வந்து நில்.

தம்பி