நெல்லுக்குப் பின்னிய குதிர்

அக்கா, சங்கராபுரம் சந்தைக்கு வெளியே இன்று ஒருவர் பச்சை மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார். வாசனை மூக்கில் ஏறியதும் காய் வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டில் நீ சிம்பு சீவும்போது எழும் அதே ஈர வாசனை.

பல வருடங்களுக்கு முன், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த நேரம் அது. என் வீட்டுக்காரர் கரும்பு வண்டியோடு மூங்கில்துறைப்பட்டு ஆலையில் மாட்டிக்கொண்டார். எனக்கோ தலைப்பிரசவ வலி எடுத்துவிட்டது. பஸ் இல்லை, கார் இல்லை. கட்டிலில் தூக்கிப் போகலாம் என்றால், விழுந்து கிடக்கும் கிளைகளுக்கு நடுவே கட்டில் நுழையாது என்றார்கள்.

யாரோ கேட்டார்கள் என்று நீ மூங்கில் சிம்பில் நெல் கொட்டிவைக்கும் குதிர் பின்னிக்கொண்டிருந்தாய். இடுப்பளவு எழும்பியிருந்தது. அவசரமாக நுனிகளை மடக்கிச் செருகி, அடியில் கயிறு கொடுத்து இறுக்கி, ஒரு கழியில் தொங்கவிட்டாய். உள்ளே உன் புடவையைப் பரப்பினாய்.

"தாங்குமாக்கா?"

"மூட்ட மூட்டயா நெல்லு தாங்கும். நீ இன்னா, நெல்ல வுட ஜாஸ்தியா? ஒக்காரு."

முன்னால் உன் வீட்டுக்காரர், பின்னால் நீ. ஏரிக்கரை தாண்டியதும் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம் கிடந்தது. "யாரும் போவக்கூடாது, திரும்பிப் போங்க" என்றான் கோடரியோடு நின்ற இளைஞன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ கெஞ்சுவாய் என்று நினைத்தேன். நீ கழியை மெல்ல இறக்கி வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டாய்.

"இந்த மரத்த வெட்னது நீதான? ரெண்டு பேரால இத்தத் தாண்ட முடியாது. வா, வந்து தூக்கு."

அவன் குதிருக்குள் எட்டிப் பார்த்தான். கோடரியைக் கீழே போட்டான். கூட இருந்தவர்கள் கிளைகளைக் கழித்து வழி விட்டார்கள். கழியின் ஒரு முனையைத் தோளில் வாங்கியவன், ஆஸ்பத்திரி போகும்வரை அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்த அந்த இளைஞனை, "கெளம்பலியா?" என்று நீ கேட்டாயாம். "இன்னா கொயந்தன்னு தெரிஞ்சிக்கினு போறேன்" என்றானாம். அதை நீ உள்ளே வந்து சொன்னபோது வலியோடு சிரித்தேன்.

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. போன மாதம், தங்களுக்குத் தண்ணீர் வராது என்று ஏரி மதகைத் திறக்கவிடாமல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மண்வெட்டியோடு மறித்து நின்றார். நம் ஆட்கள் சத்தம் போட்டார்கள். நான் கரையிலிருந்து இறங்கினேன்.

"அண்ணே, மதகுப் பலகை இறுகிப் போய்க் கெடக்குது. பாதித் தண்ணி உங்க ஊருக்குத்தான் வரப்போவுது. ஒரு கை புடிங்க."

என்னை முறைத்தார். பிறகு மண்வெட்டியைக் கரையில் சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார், அக்கா.