செக்காம் என்றால் காத்திருக்கிறேன்

இத்தாலி, ராணுவ ஆஸ்பத்திரி
ஐப்பசி, 1944

ஒலக்கூரில் இருக்கும் அம்சாவுக்கு,

நான் சுகம். நீ சுகந்தானா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

இங்கே கால் முறிந்து கிடக்கும் யுகோஸ்லாவியாக்காரன் மிலன், நான் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் "செக்காம்" என்பான். கஞ்சி சுடுகிறதென்று திட்டுகிறான் என நினைத்து ஆறவைத்தே கொடுத்து வந்தேன். அவர்களுடைய செர்போ-குரோவேஷிய மொழியில் அதற்குக் 'காத்திருக்கிறேன்' என்று அர்த்தமாம். செக்காஷ் என்றால் நீ காத்திருக்கிறாய். செக்கா என்றால் அவள் காத்திருக்கிறாள். நம் பேச்சைப் போலவே கடைசி எழுத்தில் ஆள் தெரிந்துவிடும். அவர்கள் பாட்டன் பூட்டன் பேச்சில் காத்திருப்பதற்கும் நம்பியிருப்பதற்கும் ஒரே வேர் என்கிறான். எனக்கு அது சந்தேகம்தான்.

உன் கடிதத்திலும் சந்தேகம். 'உங்களுக்காகக் காத்திருக்கிறேன்' என்று இருக்கிறது, சரி. அதற்குக் கீழேயே 'விருத்தாசலம் ரயிலில் தம்பி வந்தான்' என்றும் இருக்கிறது. புருஷன் பேராயிற்றே என்று நீ அந்த ஊர்ப்பெயரை வாயால் சொல்லவே மாட்டாய். "விழுப்புரத்துக்கு அந்தாண்ட ஊருங்க" என்றுதான் சொல்வாய். அப்படியானால் அந்தக் கடிதத்தில் எது நீ சொன்னது, எது எழுதிக் கொடுக்கும் முத்துசாமி அண்ணன் சேர்த்தது?

இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது. வறுத்த மல்லாட்டை (இங்கே மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்கிறார்கள்) கொஞ்சம் அனுப்பு. பொட்டலத்தை நீயே கட்டு. உன் முடிச்சு எனக்குத் தெரியும்.

தபால் பையைக் கட்டுகிறார்கள்.

உன் வீட்டுக்காரன்,
விருத்தாசலம்

முத்துசாமி அண்ணே, இதைப் படித்துக் காட்டுவதும் நீங்கள்தான். முடிச்சைப் பற்றி எழுதியதை விட்டுவிடாமல் படியுங்கள்.