மடை அடைக்காத மூன்று நாள்

7.7.1995
இன்று பக்கத்து ஊரான மேலக்கரையில் கொம்பையா அண்ணாச்சி வயலில் களைக்கொல்லி அடித்துக் காட்டினேன். வேளாண்மைத் துறையில் சேர்ந்து எட்டு மாதம். இப்போதுதான் முதல்முறையாகப் பத்துப் பேர் என் பேச்சை நின்று கேட்டார்கள். அகன்ற இலைக் களை மட்டும்தான் சாகும், நெல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று கொஞ்சம் அலட்டிக்கொண்டுதான் சொன்னேன். அடித்தபின் மருந்துத் தண்ணீர் வெளியே போகாமல் மூன்று நாள் மடையை அடைத்து வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஒரு தடவை.

13.7.1995
மேலக்கரையில் அறுபது ஏக்கர் அடித்தாயிற்று. மேலதிகாரி தோளில் தட்டினார்.

21.7.1995
எங்கள் ஊர்க் குளத்துத் தாமரையைப் பறித்து, டவுன் பூக்கடைகளுக்குச் சுமந்துதான் அம்மா என்னைப் படிக்கவைத்தாள். இன்று வெறுங்கூடையோடு வந்தாள்.
"ஏலே செல்வம், தண்டெல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்குதுலே. மொட்டு விரியாமலே கருகுது."
பூச்சியாக இருக்கும் என்றேன்.

22.7.1995
பூச்சி இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மேலக்கரை வடிகால் வந்து விழும் மூலையில்தான் முதலில் வாடியிருக்கிறது. அல்லி போச்சு. வெட்டி வெட்டித் தீராத ஆகாயத்தாமரைகூடச் சுருண்டு கிடக்கிறது. செத்த இலை அழுகித் தண்ணீர் நாறுகிறது. எல்லாமே அகன்ற இலைதானே. குளத்துக்குள் இருப்பதும் இலைதான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

24.7.1995
கொம்பையா அண்ணாச்சியிடம் கேட்டேன், மடையை அடைத்தீர்களா என்று.
"அது எப்படி அடைக்க தம்பி? நம்ம வயலைத் தாண்டித்தான கீழ் வயலுக்குத் தண்ணி போவணும். மறிச்சு வச்சா அவன் என்ன செய்வான்? அதுலாம் பாவம்லா."
மேலக்கரையில் ஒருவரும் அடைக்கவில்லை. அடைக்க மனசு வராதவர்கள். வயலுக்கு வயல் தண்ணீர் விடுகிற ஊரில் பிறந்தவன் நான், எனக்கா இது தெரியாது? புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறேன்.

30.7.1995
அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று கிழங்கு ஒன்றைப் பிடுங்கினாள். கையில் கூழாக வந்தது. கரையேறி உட்கார்ந்து அழுதாள். அப்பா செத்தபோதுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான்தான் அடிக்கச் சொன்னேன் என்று சொல்லிவிட வாயெடுத்தேன் — கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

2.8.1995
இன்றும் சொல்லவில்லை.

6.8.1995
மேலக்கரையில் அடித்த மருந்துதான் குளத்தைக் கெடுத்தது என்று அம்மா காதுக்கு வந்துவிட்டது. கலெக்டருக்கு மனு எழுதச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதாகத்தான் இன்னமும் அவள் நினைப்பு.
"மருந்து அடிக்கச் சொன்ன ஆபீசர் மேல எழுதுலே. அவன் நல்லா இருப்பானா? பேரு தெரியல. நீ விசாரிச்சு எழுதிக்கோ."
விசாரிக்க என்ன இருக்கிறது. என் பெயரையும் பதவியையும் எழுதினேன். வாசித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா கைநாட்டு வைத்து, மை விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

7.8.1995
திங்கள்கிழமை, மனு வாங்கும் நாள். கலெக்டர் ஆபீசில் பதிவு செய்த எழுத்தர், "இந்த மாரிசெல்வம் இப்ப எங்க வேலை பாக்காரு?" என்றார். நான்தான் என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னேன்.
அடுப்பில் விறகைத் தள்ளினாள். "போயி அதத் திருப்பி வாங்கிட்டு வந்திரு. வேல போயிரும்லா" என்றாள். பதிந்தாயிற்று, இனி தரமாட்டார்கள் என்றேன்.
சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் வந்து உட்காரவில்லை.